செம்மண் மேல விழுற நிழலுக்கு என்ன கலர்?

வாசகர் ஒருத்தர் கேட்டது, ஜனவரி 5, 2024:

"ஆயில்ல லேண்ட்ஸ்கேப் கத்துக்கிட்டு இருக்கேன். எந்த வீடியோவைப் பாத்தாலும் நிழலுக்குக் கறுப்பு போடாதே, நீலம் போடு, ஊதா போடுன்னு சொல்றாங்க. நானும் அல்ட்ராமரைன்ல வெள்ளை கலந்து பனைமர நிழல் போட்டேன். செம்மண் தரையில யாரோ சொட்டுநீலம் கொட்டிட்டுப் போன மாதிரி இருக்கு, நிழலாவே தெரியல. விதி தப்பா, என் கண்ணு தப்பா?"

ஜனவரி 6, 2024, காலை

உங்க கண்ணு சரியாத்தான் இருக்கு தம்பி. நீலத்துல நீங்க கலந்த வெள்ளைதான் காரணம்னு நினைக்கிறேன். அல்ட்ராமரைன் டியூப்ல இருந்து வரும்போது கிட்டத்தட்ட கறுப்பு. நீலம்னு தெரியணுமேன்னு வெள்ளை சேக்கிறோம், சேக்கச் சேக்க அது வெளுக்குது, கடைசில வெயில் பட்ட மண்ணும் நிழலும் ஒரே அளவு வெளிச்சத்துல வந்து நிக்குது, அப்புறம் அது எப்படி நிழலாத் தெரியும். நிழல்னா மொதல்ல இருட்டு, கலர் எல்லாம் அதுக்குப் பிறகு.

படத்தை எதிர்ல வச்சுட்டு நாலு எட்டு தள்ளி நின்னு கண்ணை முக்காவாசி மூடி இமை மயிர் வழியா பாருங்க. நிழலும் தரையும் ஒண்ணாக் கலந்து போச்சுன்னா கலரைத் தொடாதீங்க, இருட்டை சரி பண்ணுங்க. நான் ஆரம்பிச்சப்ப ஆறு மாசம் பர்ன்ட் அம்பர்ங்கிற இருட்டுப் பழுப்பும் வெள்ளையும் மட்டும் வச்சுத்தான் போட்டேன், அஞ்சே படி, வெள்ளையில இருந்து முழு அம்பர் வரைக்கும். மரம், மண்ணு, வானம், எதுவா இருந்தாலும் இந்த அஞ்சு படியில எதுல உக்காருதுன்னு கேட்டுக்கிட்டே போடணும். கலர் இல்லாம போடறது சப்புன்னு இருக்கும்னு நினைப்பீங்க, பத்தாவது படத்துல அந்த பழுப்புலயே வெயில் அடிக்க ஆரம்பிக்கும், அந்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

ஜனவரி 6, ராத்திரி

போன்ல போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்திப் பாக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. நீங்க வரைஞ்ச படத்தை அப்படிப் பாருங்க, நல்லா உதவும். எதிர்ல இருக்கிற காட்சியை வேணாம். வானத்தை சுத்தமா வெளுத்துடும், இல்லன்னா நிழலைக் கரியாக்கிடும், ரெண்டையும் சேத்து நம்ம கண்ணு பாக்கிற மாதிரி அது பாக்காது. அதுக்குப் பதிலா போனை ஆஃப் பண்ணிட்டு, காட்சிக்கு முதுகைக் காட்டி நின்னு, அந்தக் கறுப்புத் திரையில தெரியிற பிம்பத்தைப் பாருங்க. எல்லாம் ரெண்டு படி இருட்டாகி, சில்லறை விவரம் எல்லாம் அடங்கி, பெரிய பெரிய பாகமா தெரியும். 18ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல ஓவியக்காரங்களும் ஊர் சுத்திப் பாக்க வந்தவங்களும் இதுக்குன்னே கறுப்பு பூசின சின்ன கண்ணாடி கையில வச்சிருந்தாங்க, க்ளாட் கிளாஸ்னு பேரு. நம்ம எல்லாரு பையிலயும் இப்ப அது இருக்கு.

ஜனவரி 14, 2024, போகி

காலையில மேலூர் பக்கம் வயலுக்குப் போயிருந்தேன். அங்க வரப்புல நின்னா தென்மேற்கே யானைமலை படுத்திருக்கிறது தெரியும், பத்து வருஷமா நான் போடற இடம் அது. தம்பியோட கேள்வி மனசுலயே கிடந்ததால இன்னைக்கு படம் போடல, சோதிச்சுப் பாத்தேன்.

பத்து மணி வெயில், வானத்துல பொட்டு மேகம் இல்ல. ஒத்தைப் பனையோட நிழல் செம்மண் மேல நீளமா கிடக்கு. கறுப்பு அட்டையில பஞ்சிங் மிஷினால ரெண்டு ஓட்டை போட்டு கொண்டு போயிருந்தேன். ஒரு ஓட்டையில வெயில் பட்ட மண்ணு, இன்னொண்ணுல நிழல் மண்ணு தெரியிற மாதிரி கையை நீட்டிப் பிடிச்சுப் பாத்தா, இது மண்ணு, இது நிழல்ங்கிற நினைப்பு போயி வெறும் ரெண்டு கலர் பொட்டு மட்டும் நிக்கும். வெயில் பட்டது மொளகாப்பொடியில கொஞ்சம் மஞ்சப்பொடி கலந்தாப்ல இருந்துச்சு. நிழல் பொட்டு நீலமே இல்ல. பழைய புளி இருக்கில்ல, போன வருஷத்துப் புளி, கறுத்துப் போயி உள்ளுக்குள்ள சிவப்பு ஓடும், அந்த நிறம்.

அடுத்து அப்பாவோட பழைய வெள்ளை வேட்டி ஒண்ணை அந்த நிழல் மேலயே விரிச்சேன். வேட்டி மேல விழுந்த நிழல் நீலம்! சும்மா பேருக்கு நீலம் இல்ல, துவைக்கும்போது நீலம் கூடிப் போன சட்டை மாதிரி நீலம். அதே பனை, அதே நிழல், அதே நேரம், ஒரு அடி தள்ளி மண்ணுல பழம்புளி, துணியில நீலம். ரொம்ப நேரம் அப்படியே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

யோசிச்சா புரியுது. நிழல்ல சூரியன் நேரா வராது, வானத்து வெளிச்சம்தான் வரும், அது நீலம். வெள்ளை வேட்டி வந்ததை எல்லாம் அப்படியே திருப்பி அனுப்பும், அதனால நீலமா தெரியுது. செம்மண்ணு நீலத்தை முழுங்கிடும், சிவப்பையும் மஞ்சளையும்தான் திருப்பித் தரும், அதனாலதான் அது செவப்பா இருக்கு. நீலத்தை முழுங்கிற ஒண்ணு மேல நீல வெளிச்சம் விழுந்தா மிஞ்சறது கறுத்த சிவப்பு.

இன்னொண்ணும் பாத்தேன். வேட்டி ஓரம் ஒரு இடத்துல மடங்கி கொஞ்சம் தூக்கி நின்னுச்சு. அந்த மடிப்போட அடிப்பக்கம், மண்ணைப் பாத்த பக்கம், ஆரஞ்சு. பக்கத்துல வெயில் பட்ட மண்ணுல இருந்து எகிறுன வெளிச்சம். ஒரு ஜாண் துணியில வெள்ளை, நீலம், ஆரஞ்சு மூணும் இருக்கு, துணி என்னமோ வெறும் வெள்ளைத் துணி.

ஜனவரி 15, பொங்கல், மத்தியானம்

நேத்து எழுதினதுல விட்டுப்போனது. இந்த "நிழல்னா நீலம்" எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா, அது பிறந்த இடத்துல அது நூத்துக்கு நூறு சரி. மோனேங்கிற பிரெஞ்சு ஓவியர் 1868-69 குளிர்காலத்துல போட்ட ஒரு படம் பாரிஸ்ல ஓர்சே மியூசியத்துல இருக்கு, வேலி மேல ஒத்தைக் குருவி, மேக்பைங்கிற கறுப்பு வெள்ளைப் பறவை, சுத்தி எல்லாம் பனி, வேலியோட நிழல் பனி மேல நீலமா விழும். பனி வெள்ளை, நம்ம வேட்டி மாதிரி. அங்க அவர் கண்ணால பாத்து போட்டாரு. அதை நம்ம செம்மண்ணுல கொண்டாந்து போட்டா அவர் பாத்ததை நாம போடறோம், நாம பாத்ததை இல்ல.

சரி, பொங்கல் சாப்பிட கூப்பிடறாங்க.

ஜனவரி 15, ராத்திரி

தூக்கம் வரல, இதையும் எழுதிடறேன். எங்கப்பா மதுரையில போர்டு எழுதுனவரு, எனாமல் பெயின்ட்டுல கடை போர்டு, லாரி பின்னாடி எழுத்து எல்லாம். எழுத்துக்கு நிழல் குடுப்பாரு, எழுத்து போர்டுல இருந்து எழுந்து நிக்கிற மாதிரி தெரியும். நான் சின்னப் புள்ளையா டப்பா கழுவிக்கிட்டு பாத்துட்டே இருப்பேன். மஞ்ச போர்டுன்னா நிழலுக்கு அந்த மஞ்சளையே எடுத்து அதுல பழுப்பு கலப்பாரு. பச்சை போர்டுன்னா அதே பச்சையில இருட்டு. "தரை கலர்லயே நிழலை எடுக்கணும்மா, வெளியில இருந்து கொண்டாந்தா ஒட்டாது"ன்னு சொல்லுவாரு. முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அவரோட வேட்டியை விரிச்சுப் பாத்துத்தான் எனக்கு அது புரிஞ்சிருக்கு. அவர் இருந்திருந்தா போன் போட்டு சொல்லியிருப்பேன்.

ஜனவரி 28, 2024

என்னென்ன டியூப் வாங்கணும்னு மூணு பேர் கேட்டுட்டாங்க. என் பேலட்டுல, அதான் கலர் கலக்கற தட்டுல, இருக்கிறது: டைட்டானியம் வெள்ளை, லெமன் எல்லோ, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), கேட்மியம் ரெட், குவினாக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரைன். எப்பவாவது ஐவரி பிளாக். அவ்வளவுதான். பச்சை டியூப்பே வாங்கறதில்ல, ஏன்னு பின்னால சொல்றேன்.

டியூப் வாங்கும்போது பேரைப் பாக்காதீங்க, பின்னாடி பொடி எழுத்துல பிக்மென்ட் (நிறப்பொடி) நம்பர் இருக்கும், அதைப் பாருங்க. பிபி 29ன்னா அல்ட்ராமரைன், எந்த கம்பெனியா இருந்தாலும் சரி. பேருக்குப் பக்கத்துல "ஹ்யூ"ன்னு இருந்தா அந்தக் கலரை வேற பிக்மென்ட் வச்சு ஒப்பேத்தியிருக்காங்கன்னு அர்த்தம், எல்லாமே மட்டம்னு சொல்லல, ஆனா கலக்கும்போது வேற மாதிரி நடந்துக்கும். அலிசரின் கிரிம்சன், பிஆர் 83, அதை விட்டுடுங்க. சாயங்கால வானத்துக்கு வெள்ளையில கலந்து மெல்லிசா அந்த ரோசாப்பூ நிறம் அள்ளி அள்ளி போட்டு ஒரு படம் வச்சிருந்தேன், வராண்டாவுல மாட்டினேன், ரெண்டு வருஷத்துல வானத்துல ரோஸ் போயிடுச்சு, சாம்பல்தான் மிச்சம். மெல்லிசா போட்டா வெளிச்சத்துல வெளுக்கிற பிக்மென்ட் அது. அதுக்கு பதில்தான் குவினாக்ரிடோன், பிவி 19.

செம்மண் நிழலுக்கு நான் கலக்கறது பர்ன்ட் சியன்னா, அதுல துளி அல்ட்ராமரைன், துளி ரோஸ். வெள்ளை கிடையாது. பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் ஒண்ணை ஒண்ணு அடக்கும், சமமா கலந்தா அருமையான இருட்டு சாம்பல் வரும், சியன்னாவைக் கூட்டினா புளி, நீலத்தைக் கூட்டினா மழைமேகம். இந்த ரெண்டே டியூப்ல ஒரு மத்தியானம் முழுக்க விளையாடுங்க.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். லின்சீட் ஆயில் (ஆயில் பெயின்ட்டுல இருக்கிற ஆளிவிதை எண்ணெய்) துடைச்ச துணியை கசக்கி மூலையில போடாதீங்க. அந்த எண்ணெய் காத்தோட சேந்து காயும்போது சூடாகும், குவிஞ்சு கிடந்தா தானாவே தீப்பிடிக்கும், நம்ம ஊரு வெயிலுக்குக் கேக்கவே வேணாம். தண்ணி ஊத்தின மூடி போட்ட டின்ல போடுங்க, இல்ல கொடியில விரிச்சுக் காயப்போடுங்க.

பிப்ரவரி 11, 2024

சாயங்காலம் யானைமலைக்கு வலது ஓரமா சூரியன் இறங்குச்சு. ஆறேகாலுக்கு மேல செக்கச்செவேர்னு தட்டு மாதிரி, கண்ணு கூசாம பாக்கிற அளவுக்கு. நான் வழக்கமா செய்யற தப்பை இன்னைக்கு செய்யல, அதை சொல்லத்தான் உக்காந்தேன்.

சூரியன்தானே, இருக்கறதுலயே வெளிச்சமானது அதுதானேன்னு வெள்ளையை அள்ளி வைப்போம். வெள்ளை சேந்ததும் ஆரஞ்சு செத்துடும், சுண்ணாம்புப் பொட்டு மாதிரி நிக்கும். வெள்ளை வெளிச்சத்தைக் கூட்டும், கலரோட உறைப்பைக் குறைக்கும், ஆயில்ல இது தலைவிதி. மோனே 1872ல லெ ஆவ்ர் துறைமுகத்துல போட்ட சூரியோதயப் படத்தை எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க, சூரியன் கிட்டத்தட்ட காணாம போயிடும்! சுத்தி இருக்கிற சாம்பல் மேகமும் அந்த ஆரஞ்சும் ஒரே படி வெளிச்சம், வித்தியாசம் கலர்ல மட்டும்தான். அதனாலதான் அந்தப் பொட்டு துடிக்கிற மாதிரி இருக்கு.

இன்னைக்கு அதையே செஞ்சேன். வானத்தை மொதல்ல சாம்பல் நீலமா, மூணாவது படியில பரப்பினேன், அது மேல கேட்மியம் ரெட்டும் கொஞ்சம் லெமன் எல்லோவும், வெள்ளை தொடாம, ஒரே தடவை பிரஷ்ல எடுத்து வச்சு கையை எடுத்துட்டேன். எரியுது. பக்கத்துல ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த ஐயா வந்து குனிஞ்சு பாத்துட்டு, "தாயி, இதுல கை வச்சா சுடுமா?"ன்னு கேட்டாரு. இன்னைக்கு முழுக்க அந்த சந்தோஷத்துலயே இருக்கேன்.

பிப்ரவரி 12

ஜனவரி 6 அன்னைக்கு "மொதல்ல இருட்டு, கலர் எல்லாம் அதுக்குப் பிறகு"ன்னு எழுதினேன், நேத்து வெளிச்சம் ஒண்ணா இருந்தும் கலர் மட்டுமே வேலை செய்யுதுன்னு எழுதிட்டேன், ரெண்டும் எப்படி சரியாகும்னு ஒருத்தர் பிடிச்சுட்டாரு. நல்ல கேள்வி. சூரியனைத் தவிர படத்துல மத்த எல்லாம், மலை, மரம், தண்ணி, படிப்படியா ஒழுங்கா நின்னாத்தான் அந்த ஒரு இடத்துல இதை செய்ய முடியும். படம் பூரா இப்படி செஞ்சா எல்லாம் மிதக்கும், தம்பியோட சொட்டுநீலம் மாதிரி.

மார்ச் 10, 2024

வெளியில போடும்போது பளிச்சுனு இருந்த படம் வீட்டுக்கு வந்தா கிணத்துக்குள்ள கிடக்கிற மாதிரி இருக்குன்னு ஒருத்தங்க வருத்தப்பட்டிருந்தாங்க. எனக்கும் ரெண்டு வருஷம் இது நடந்துச்சு. கேன்வாஸ் மேல நேரா வெயில் அடிச்சா அதுல இருக்கிற எல்லா கலரும் வெளிச்சமா தெரியும், அதை ஈடு கட்ட கை தன்னால இருட்டாக்கும், வீட்டுக்குள்ள வெயில் இல்ல, இருட்டு மட்டும் மிஞ்சும். கேன்வாஸும் பேலட்டும் ரெண்டுமே நிழல்ல இருக்கணும், ஒண்ணு வெயில்ல ஒண்ணு நிழல்ல இருந்தாலும் கெட்டது. அதுக்குன்னு வேப்பமரத்தடியில உக்காந்தா இலை வழியா வர்ற பச்சை வெளிச்சம் கேன்வாஸ் மேல விழுந்து, அதைத் திருத்தறேன்னு படத்துல சிவப்பு கூடிடும். கறுப்புக் குடைதான் நல்லது. வெள்ளைக் குடையும் பரவாயில்ல, கலர் குடை மட்டும் ஆகாது.

ராத்திரி வீட்டுல தொடர்றவங்க மஞ்ச பல்புல மஞ்சள், ஓக்கர் எதையும் முடிவு பண்ணாதீங்க, காலையில எழுந்து பாத்தா நெஞ்சு அடைச்சுக்கும்.

ஏப்ரல் 14, 2024, சித்திரை ஒண்ணு

ஐரோப்பாக்காரங்க விதிகள்ல இன்னொண்ணு, மத்தியானம் படம் போடாதே, காலையும் சாயங்காலமும்தான் வெளிச்சம்னு. நானும் அப்படியே இருந்தேன். இன்னைக்கு உச்சிவெயில்ல போய் நின்னேன், ஏன்னா இன்னும் ரெண்டு நாள்ல, 16ஆம் தேதி வாக்குல, மதுரைக்கு நிழலில்லா நாள், சூரியன் நேரா தலைக்கு மேல வரும். திரும்ப ஆகஸ்ட் 27 வாக்குல ஒரு தடவை.

கணக்கு போட்டுப் பாத்தேன். மோனே 1890-91ல வைக்கோல் போரையே இருபத்தஞ்சு படம் மாதிரி போட்டாரே ஜிவெர்னி, பிரான்ஸ்ல ஒரு ஊரு, அங்க சூரியன் அதிகமா ஏர்ற ஜூன் மாச உச்சியில அடிவானத்துல இருந்து 64 டிகிரி. டிசம்பர்ல 17 டிகிரிதான், நம்ம ஊர்ல அது சாயங்காலம் அஞ்சு மணி வெயிலோட சாய்வு. மதுரையில சூரியன் ரொம்பத் தாழ்ந்து இருக்கிற மார்கழி உச்சியே 57 டிகிரி. அவங்க கோடை உச்சியும் நம்ம மார்கழி உச்சியும் கிட்டத்தட்ட ஒண்ணு. சித்திரை வெயிலுக்கு அவங்ககிட்ட விதியே இருக்க முடியாது, அவங்க அதைப் பாத்ததே இல்ல.

நான் பாத்ததை சொல்றேன். சூரியன் தலைக்கு மேல நிக்கிறப்ப நிமிந்து நிக்கிற எதுக்கும் நேரா வெயில் கிடையாது. பனைமரத் தண்டு, சுவரு, மனுச மூஞ்சி எல்லாம் நிழல். ஆனா தரை கொதிக்குது, அதுல இருந்து வெளிச்சம் மேல எகிறுது. அதனால பனைத் தண்டு கீழ்ப்பக்கம் சூடான ஆரஞ்சு பழுப்பு, மேல போகப் போக சாம்பல் நீலம். வரப்புல நடந்து போன அக்கா ஒருத்தங்களோட தாடைக்கு அடியிலயும் மூக்குக்கு அடியிலயும் செம்மண் வெளிச்சம், அடுப்புக்கு முன்னால குனிஞ்சு நிக்கிறவங்க மாதிரி.

இன்னொரு விதியும் இங்க உடையுது. வானம்தான் எப்பவும் அதிக வெளிச்சம், அப்புறம் தரை, அப்புறம் சரிவு, கடைசியா நிமிந்து நிக்கிறதுன்னு சொல்லுவாங்க, சாய்ஞ்ச வெயிலுக்கும் மூடாப்பு போட்ட நாளுக்கும் அது தங்கமான விதி. இன்னைக்கு போனோட கறுப்புத் திரையில பாத்தேன், நெல் காயப்போடற சிமெண்ட் களம் வானத்து நீலத்தைவிட வெளிச்சம்! கோயிலோட சுண்ணாம்பு அடிச்ச கைப்பிடிச் சுவரு மேல்பக்கம் அதைவிட. வானத்தை ரெண்டு படி இறக்கினாத்தான் களத்துல வெயில் அடிக்குது. இறக்கினேன். அடிச்சுச்சு.

ஏப்ரல் 15

வடக்கு ஜன்னல் பத்தி கேட்டவருக்கு. ஸ்டுடியோவுக்கு வடக்கு ஜன்னல் வைக்கணும், அங்க வெயில் வராது, நாள் முழுக்க ஒரே வெளிச்சம்னு சொல்றது ஐரோப்பாக்காரங்க ஊருக்கு சரி. நாளைல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மதுரையில உச்சி சூரியன் நமக்கு வடக்கால நிக்கும். காலையிலயும் சாயங்காலமும் வடக்கு ஜன்னல்ல நேரா வெயில் விழும். அந்த மாசங்கள்ல ஜன்னலுக்கு டிரேசிங் பேப்பரோ வெள்ளை காடாத் துணியோ கட்டிக்கோங்க.

மே 26, 2024

பச்சை. ஏன் பச்சை டியூப் வாங்கலன்னு சொல்றேன்னு ஜனவரியில சொன்னது அப்படியே நிக்குது.

டியூப் பச்சை எல்லாத்தையும் ஒரே பச்சையாக்கிடும். நம்ம ஊர்ல பச்சைன்னு ஒண்ணு கிடையாது. சீமைக்கருவேலம் தூசி பிடிச்ச சாம்பல் பச்சை, அதுக்கு ஐவரி பிளாக்கும் ஓக்கரும் கலந்தா போதும், கறுப்பும் மஞ்சளும் சேந்து பச்சை வர்றதை மொதல்ல பாக்கிறவங்க நம்ப மாட்டாங்க, ஐவரி பிளாக்குக்கு உள்ள இருக்கிற நீலச்சாயல்தான் காரணம். நாத்தங்கால் பச்சைக்கு லெமன் எல்லோவுல அல்ட்ராமரைன் ஒரு ஊசி முனை. புளியமரத்துக்கு ஓக்கரும் அல்ட்ராமரைனும், அதுல கொஞ்சம் சியன்னா.

இன்னொண்ணு. தென்னை ஓலையை காலையில கிட்டப் போய் பாருங்க, ஒரே மட்டையில மூணு விதம் இருக்கும். மேல்பக்கம் வழவழன்னு இருக்கிறதால வானத்தை அப்படியே காட்டும், அது பச்சையே இல்ல, வெளிறின நீல வெள்ளை. சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நின்னு பாத்தா வெளிச்சம் ஓலையைத் துளைச்சுக்கிட்டு வரும், அது எரியிற மஞ்சப்பச்சை. மட்டைக்கு அடியில தரையைப் பாத்த பக்கம் பழுப்பு கலந்த இருட்டுப் பச்சை. இந்த மூணையும் பிரிச்சு வச்சா ஓலை ஒவ்வொண்ணா வரையவே வேணாம், தென்னை தானா வந்து நிக்கும். முதல் தடவை இது கூடி வந்தப்ப நான் அந்த மரத்துக்கிட்ட போய் தண்டைத் தொட்டுட்டு வந்தேன்.

ஜூலை 21, 2024

ஆடிக்காத்து. மலையைப் போடவே முடியல. தூரத்துல இருக்கிறது நீலமாகும்னு ஒரு விதி உண்டு, மழை கழுவிவிட்ட காத்துல அது உண்மை, சின்னத் துகள்கள் நீல வெளிச்சத்தைத்தான் அதிகமா சிதறடிக்கும். இப்ப காத்துல இருக்கிறது புழுதி, பெரிய துகள், அது எல்லா கலரையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். யானைமலை நீலம் இல்ல, காய்ஞ்ச சாணி மெழுகின திண்ணை மாதிரி வெளிறின பழுப்பு. கான்ஸ்டபிள்ங்கிற இங்கிலாந்து ஓவியர் 1821-22ல லண்டன் ஹாம்ஸ்டெட்ல மேகமா வரைஞ்சு தள்ளினப்ப படத்துக்குப் பின்னால தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம்னு எழுதி வச்சாரு. நானும் நாலு வருஷமா எழுதறேன். இன்னைக்கு போர்டு பின்னாடி: "ஆடி 5, காலை 9, மேக்காத்து, புழுதி, மலை கரையுது."

அக்டோபர் 20, 2024

ஒரு திருத்தம், பெருசு. ஜனவரியில செம்மண் நிழல்ல "நீலமே இல்ல"ன்னு அடிச்சு சொல்லிட்டேன். நேத்து ராத்திரி நல்ல மழை. இன்னைக்கு காலையில அதே பனை, அதே இடம், அதே அட்டை ஓட்டை. நனைஞ்ச மண்ணு நிழலுக்குள்ள நீலம் தெரியுது!

குனிஞ்சு பாத்தேன். மண்ணு மேல மெல்லிசா தண்ணி ஏடு படிஞ்சு கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டுது. நேரா கீழ குனிஞ்சு பாத்தா பழம்புளி, ஜனவரியைவிடக் கறுப்பு. பத்தடி தள்ளி சாய்வாப் பாத்தா அதே இடத்துல நீல மினுக்கு. அப்ப மண்ணோட கலரும் மண்ணு மேல மினுங்கற கலரும் வேற வேற, நான் ஜனவரியில பாத்தது காய்ஞ்ச மண்ணு மட்டும்தான். காய்ஞ்ச மண்ணுக்கு நான் சொன்னது நிக்கும். ஈரத்துக்கு, மொதல்ல புளி நிறத்தை இருட்டா பரப்பிட்டு, அது மேல படுக்கைவாட்டுல கொஞ்சமா சாம்பல் நீலம், விட்டு விட்டு. தேய்க்கக் கூடாது, தேய்ச்சா ரெண்டும் கலந்து சகதியாயிடும், படத்துலயும் சகதிதான் வரும்.

தம்பி, நீங்க அன்னைக்கு போட்டது மழைக்குப் பிறகு பாத்த நிழலா இருந்திருந்தா நான் பாதி தப்பா பதில் சொல்லியிருக்கேன். எப்ப பாத்து போட்டீங்கன்னு நான் கேக்கவே இல்ல, மொதல்ல அதைத்தான் கேட்டிருக்கணும்.

அக்டோபர் 22

தம்பி பதில் போட்டிருக்காரு. மழைக்குப் பிறகு இல்லையாம், பங்குனி மாசத்து போட்டோ ஒண்ணைப் பாத்து வீட்டுக்குள்ள உக்காந்து போட்டதாம். போட்டோவுல நிழல் கறுப்பா இருந்துச்சு, வீடியோவுல நீலம்னாங்க, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன்னு எழுதியிருக்காரு. ஊரு சிவகங்கை பக்கமாம். அங்கயும் செம்மண் உண்டு.

நவம்பர் 10, 2024

சிவகங்கைத் தம்பி நேத்து புதுசா போட்ட படத்தை அனுப்பியிருந்தாரு, ஆறுக்கு எட்டு இன்ச் போர்டு, தோட்டத்துக் கிணத்தடி, காலை வெயில். கிணத்து மேட்டு நிழல் மண்ணுல பழுப்பு சிவப்பா விழுந்து, துவைக்கிற கல்லு மேல ஏறும்போது நீலச் சாம்பலா மாறி, திரும்ப மண்ணுல இறங்கி சிவப்பாகுது. அந்தக் கல்லு வெளிறின கருங்கல்லு. நான் எங்கயும் கல்லைப் பத்தி சொல்லவே இல்ல, அவரே பாத்திருக்காரு.

ஒரே ஒரு குறை, கிணத்து சுவரோட உள்பக்கம் ரொம்ப கறுப்பா செத்துக் கிடக்கு. எதிர் சுவர்ல வெயில் படுதுல்ல, அந்த வெளிச்சம் இந்தப் பக்கம் எகிறி வந்திருக்கும், தம்பி. போய் பத்து மணிவாக்குல எட்டிப் பாருங்க. அட்டையை மறக்காம எடுத்துட்டுப் போங்க, கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு பாருங்க.